ஜோகன்னஸ்பர்க் வேலையும் கூட வரும் துணையும்

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 32. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 30 வயதான தன் பெண் துணையோடு ஐந்து ஆண்டுகளாக வேளச்சேரியில் ஒரே வீட்டில் வாழ்கிறார். துணை ஒரு பிசியோதெரபிஸ்ட். இரண்டு வீட்டாருக்கும் இவர்கள் ரூம்மேட்கள், அவ்வளவுதான் தெரியும். இப்போது நிறுவனம் இவரை மூன்று ஆண்டுகளுக்கு ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறது. அம்மாவும் சம்மதித்துவிட்டார். அந்த ஊரை ஒட்டிய மிட்ராண்டில் இவருடைய சித்தப்பா மகன் குடும்பத்தோடு இருக்கிறார் என்பதுதான் அந்தச் சம்மதத்துக்குக் காரணம். "அண்ணன் இருக்கான், பாத்துக்குவான்" என்றாராம்.

வாசகி கேட்பது இவை. துணையைத் துணை என்றே சொல்லி அழைத்துப் போக முடியுமா? அங்கே திருமணம் செய்துகொண்டால் இந்தியாவில் செல்லுமா? ஊர் பாதுகாப்பானதா? அங்குள்ள தமிழர்களிடமும் மறைத்துத்தான் வாழ வேண்டுமா? "அங்கே போனாலாவது மூச்சு விட முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஜோகன்னஸ்பர்க்கில் குடிவரவுச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞராக, உங்களுடையதைப் போன்ற கேள்விகளோடு வருபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: முடியும். துணையைத் துணை என்றே எழுதி விண்ணப்பிக்கலாம். தோழி, உறவுக்காரப் பெண், வீட்டு வேலைக்கு உதவி என்று எந்தப் பொய்யும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், வாழ்க்கைத் துணை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே ஒரே பாலினத்தவரின் நிலையான உறவைச் சேர்த்திருக்கிறது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இது சும்மா வந்த சலுகை இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1996-இல் வந்த இந்த நாட்டு அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு, பாலீர்ப்பின் அடிப்படையில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. உலகில் வேறெந்த நாட்டு அரசியலமைப்பும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அதற்குப் பின்பும் சில ஆண்டுகள், வெளிநாட்டிலிருந்து வந்த கணவனுக்கும் மனைவிக்கும் கிடைத்த இருப்புரிமை, வெளிநாட்டிலிருந்து வந்த தன்பாலீர்ப்புத் துணைக்குக் கிடைக்கவில்லை. விசா முடிந்தால் நாட்டை விட்டுப் போ என்றார்கள். அந்த இணையர்கள் வழக்குப் போட்டார்கள். 1999 டிசம்பர் 2 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் துணையின் விண்ணப்பத்தை வாங்கும் அதிகாரி, ஒரே பாலினம் என்று சொல்லி அதை மறுக்க முடியாமல் இருப்பதற்கு அந்தத் தீர்ப்புதான் அடித்தளம். திருமண உரிமை அதற்குப் பிறகு, 2006 நவம்பர் 30-ஆம் தேதி வந்தது.

இனி காரியத்துக்கு வருகிறேன். உங்கள் நிறுவனம் உங்களுக்கு எந்த விசா எடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். கிளை மாற்ற விசா என்றால் அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். அதற்குமேல் நீட்டிக்க மாட்டார்கள். அரிய திறன் விசா (நாட்டில் ஆள் பற்றாக்குறையுள்ள திறன்களுக்கானது) என்றால் புதுப்பிக்கலாம், நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான வழியும் அதில் திறக்கும். கிளை மாற்ற விசா நிறுவனத்துக்குச் சுலபம் என்பதால் பெரும்பாலும் அதைத்தான் நீட்டுவார்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் சென்னைக்கே திரும்பிவிடுவோம் என்று நீங்கள் இருவரும் உறுதியாக இருந்தால் அது போதும். அங்கேயே வாழ்ந்துவிடலாமோ என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் இருந்தால்கூட இப்போதே பேசிவிடுங்கள். போன பிறகு கேட்டால் நிறுவனத்துக்கு அதில் அக்கறை இருக்காது.

துணைக்கான விண்ணப்பத்தில் நீங்கள் நிரூபிக்க வேண்டியது, உறவு குறைந்தது இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது, அதில் வேறு யாருக்கும் இடமில்லை, ஒரே வீட்டில் செலவைப் பகிர்ந்து வாழ்கிறீர்கள் என்பதை. நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதோடு சேர்ந்து வாழ்ந்ததற்கான காகிதங்களும் வேண்டும். ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. ஐந்து ஆண்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்று வாழ்ந்திருக்கிறீர்கள். வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும், கேஸ் இணைப்பு இன்னொருவர் பெயரில். பணம் ஜிபேயில் அவ்வப்போது போய் வந்திருக்கும், குறிப்பு எதுவும் இருக்காது. சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு தோழிகள் மாதிரியேதான் நிற்பீர்கள். தடயம் விடாமல் வாழப் பழகியவர்கள், திடீரென்று அத்தனை தடயங்களையும் தேடி எடுத்து அரசாங்கத்தின் மேசையில் வைக்க வேண்டும்.

அதனால் இன்றிலிருந்தே தொடங்குங்கள். வங்கியில் கூட்டுக் கணக்கு ஒன்று திறங்கள். தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினர் இணையராகக் கூட்டுக் கணக்குத் திறக்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. கிளை மேலாளர் முழித்தால் அந்த அறிவிப்பைக் காட்டுங்கள். வாடகையும் மளிகையும் மின்கட்டணமும் இனி அந்தக் கணக்கிலிருந்து போகட்டும். வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு பெயரும் இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு "ரெண்டு பேரும் பொறுப்பு" என்பது பிடிக்கத்தான் செய்யும். ஒரே பிஎன்ஆரில் பயணம் செய்த ரயில் டிக்கெட், மருத்துவமனையில் அவசரத் தொடர்பாக ஒருவர் இன்னொருவர் பெயரைக் கொடுத்த படிவம், பழைய மின்னஞ்சல்கள், எல்லாமே உதவும். உங்கள் உறவை அறிந்த இரண்டு நண்பர்கள் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் இன்னும் பலம்.

நோட்டரி விஷயத்தில் ஒன்று. முகம் சுளிக்கும் நோட்டரிகள் இருக்கிறார்கள். கோர்ட் வாசலில் கண்ணில் படுபவரிடம் போகாமல், விஷயம் தெரிந்த ஒருவரிடம் போங்கள். சென்னையில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான ஓரினம் போன்ற குழுக்களில் விசாரித்தால் எந்த வழக்கறிஞரிடம் போகலாம் என்று சொல்வார்கள். ஒப்பந்தத்தை நோட்டரி சத்தமாக வாசிக்கும்போது, இத்தனை ஆண்டு யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒரு அந்நியர் வாயால் கேட்பீர்கள். என்னிடம் வந்த ஓர் இணையரில் மூத்தவர் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். கோபமில்லை, அழுகை. கொஞ்ச நேரம் கழித்து வந்து கையெழுத்துப் போட்டார். அன்று வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதிகாரிகள் உங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கவும் விதியில் இடம் இருக்கிறது. எல்லோரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். மின்கட்டணம் யார் கட்டுகிறீர்கள், காலையில் முதலில் எழுவது யார், அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்படித்தான் போகும். படித்து மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். ஐந்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் தெரியாத கேள்வி அதில் வராது.

இவ்வளவும் செய்து விசா கிடைத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். என் உண்மையான கவலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: அதில் உங்கள் வேலை இருக்கிறது, உங்கள் அம்மா இருக்கிறார், உங்கள் அண்ணன் இருக்கிறார். உங்கள் துணை என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை.

வேலை விசாவில் போகிறவரின் துணைக்குக் கிடைப்பது கூடவே தங்குவதற்கான வருகை விசா. அதில் வேலை செய்யக் கூடாது. தென்னாப்பிரிக்கக் குடிமகனின் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளரின் துணை என்றால் வேலைக்கும் அனுமதி வாங்க முடியும். நீங்கள் இரண்டும் இல்லை. ஒரு நல்ல விஷயம், வேலை விசாக்காரரின் துணையாக வந்தவர் நாட்டுக்குள் இருந்துகொண்டே படிப்பு விசாவுக்கோ வேலை விசாவுக்கோ மாற விண்ணப்பிக்கலாம். மற்ற வருகை விசாக்காரர்கள் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பிசியோதெரபிஸ்ட் என்பது இங்கே பதிவு செய்தால்தான் செய்யக்கூடிய தொழில். தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழிலர் மன்றம் வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்த்து, தேர்வு வைத்து, அப்புறம்தான் பதிவு தரும். தேசிய சுகாதாரத் துறையின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். இதெல்லாம் மெதுவாகத்தான் நகரும். இங்கு வந்த பிறகு தொடங்கினால் மூன்று ஆண்டில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போய்விடும். சென்னையில் இருக்கும்போதே பல்கலைக்கழகச் சான்றுகளை எடுத்து அனுப்பி வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கு வந்து பிரிந்துபோன இணையரைப் பார்த்திருக்கிறேன். சட்டமோ சமூகமோ அவர்களைப் பிரிக்கவில்லை. ஒருவர் காலை ஏழு மணிக்கு சாண்ட்டன் அலுவலகத்துக்குப் போய்விடுவார். இன்னொருவர் உயர்ந்த மதிலும் மின்வேலியும் போட்ட குடியிருப்புக்குள் மாலை வரை தனியாக இருப்பார். சென்னையைப் போல இறங்கி நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரும் ஊர் இல்லை இது. கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. சென்னையில் சம்பாதித்துக்கொண்டு, ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு, நோயாளிகளுக்கு நடுவில் ஒரு பெயரோடு இருந்தவர், இங்கே காய்கறிக்குக்கூட உங்களிடம் பணம் கேட்க வேண்டியிருக்கும். கணவன் மனைவியாக வருபவர்களுக்கும் இதே நிலைமைதான். ஆனால் அந்த மனைவிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் வேறு பத்து மனைவிகள் துணை, ஊரிலிருந்து மாமியாராவது வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவார். உங்கள் துணைக்கு அது எதுவும் இருக்காது. மனம் சோர்ந்தால் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லக்கூட முடியாது, ஏனென்றால் அம்மாவைப் பொறுத்தவரை அவர் எதற்காக ஆப்பிரிக்கா போனார் என்பதே புரியாத புதிர்.

ஆகவே உங்கள் இந்திய சம்பளத்தில் ஒரு பகுதியும் இங்குள்ள சம்பளத்தில் ஒரு பகுதியும் அவர் பெயரிலேயே தனிக் கணக்கில் போகும்படி முதல் மாதத்திலிருந்தே ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பேரும் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு உரிமமும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுவோம், பழகிவிடலாம். பதிவு கிடைக்கும் வரை அவர் படிக்க விரும்பினால் விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரிட்டோரியா போன்ற பல்கலைக்கழகங்களில் இப்போதே விசாரிக்கட்டும். அப்படியானால் அவர் முதல் நாளிலிருந்தே தனக்கென்று ஒரு மாணவர் விசாவில் வரலாம். உறவில் ஏதாவது நேர்ந்தாலும் அவருடைய இருப்பு உங்களைச் சார்ந்திருக்காது. இதைச் சொல்வதற்காக வருத்தப்படாதீர்கள். உறவு உறுதியாக இருக்கும்போது பேசிவைக்க வேண்டிய விஷயம் இது.

வீடு எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் மிட்ராண்ட், ஃபோர்வேஸ் பக்கம் கூட்டமாகக் குடியேறுவார்கள். நான் ரோஸ்பேங்க் பக்கம் பார்க்கச் சொல்வேன். அங்கிருந்து சாண்ட்டனுக்கு கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில் ஒரே நிறுத்தம். பக்கத்தில் பார்க்ஹர்ஸ்ட், கிரீன்சைடு, கொஞ்சம் தள்ளி மெல்வில் எல்லாம் தன்பாலீர்ப்பு இணையர் கைகோத்து நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத தெருக்கள். வீட்டுத் தரகரிடம் "இருவரும் இணையர்" என்றே சொல்லுங்கள். அதைக் காரணம் காட்டி வீடு மறுப்பது சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரியது; சமத்துவ நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். மருத்துவக் காப்பீட்டில் துணையைச் சார்ந்தவராகச் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அவருக்கு உடம்பு முடியாவிட்டால் அவரைச் சேர்க்கும் மருத்துவமனையில் உங்கள் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே இங்கு வந்ததில் நிம்மதி என்று சொன்னவர்கள் உண்டு.

பாதுகாப்பு என்று பொதுவாகக் கேட்டால், ஜோகன்னஸ்பர்க்கில் கொள்ளையும் துப்பாக்கியும் எல்லோருக்குமான பயம். இரவில் சிக்னலில் கார்க் கண்ணாடியை இறக்காதீர்கள், தெருவில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள் என்று உங்கள் அண்ணனும் சொல்வார். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வரும் வன்முறை வேறு. அது நிஜம், கொடூரம், ஆனால் அது எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. தேசிய கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலேன், வெளிப்படையாக வாழ்ந்த லெஸ்பியன் பெண். 2008-இல் தன் சொந்த ஊரான குவா தேமாவில் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பினக் குடியிருப்புகளில் வாழும் ஏழைப் பெண்கள்தான் இந்த வன்முறையை அதிகம் சுமக்கிறார்கள். 2025 பிப்ரவரியில், தன்பாலீர்ப்பாளர் என்று தன்னை வெளிப்படையாக அறிவித்த இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸை கெபெர்ஹா நகரில் காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அரசியலமைப்பு என்ன சொன்னாலும் மத அமைப்புகளுக்குள்ளும் குடும்பங்களுக்குள்ளும் அது நுழைய நேரம் எடுக்கும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சாஃப்ட்வேர் சம்பளத்தில் ரோஸ்பேங்கில் வாடகைக்கு இருக்கும் இருவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. உங்களைப் பாதுகாப்பதில் பெரும்பங்கு பணத்துக்கும் முகவரிக்கும் என்பதை மறக்காமல் இருங்கள். இந்த ஊரில் நண்பர்கள் சேர்க்கும்போது அது உங்களை நல்ல அண்டை வீட்டாராக்கும்.

இன்னொரு ஆபத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜோகன்னஸ்பர்க் அலுவலகம் என்றால் பெரும்பாலும் அது ஆப்பிரிக்கா முழுவதற்குமான அலுவலகம். வந்து ஆறு மாதத்தில் "ஒரு வாரம் நைரோபி போய்வர முடியுமா, கம்பாலாவில் ஒரு வாடிக்கையாளர்" என்பார்கள். எல்லையைத் தாண்டியதும் சட்டம் தலைகீழ். உகாண்டாவில் 2023-இல் வந்த சட்டத்தில் ஒரே பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை உண்டு, சில சூழல்களில் மரண தண்டனையும் உண்டு. நைஜீரியாவில் 2014 சட்டப்படி ஒரே பாலினத் திருமணத்துக்கே 14 ஆண்டு சிறை. கென்யாவில் ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தை 2019-இல் உயர் நீதிமன்றம் அப்படியே வைத்துவிட்டது. மொசாம்பிக், போட்ஸ்வானா, நமீபியா, மொரீஷியஸ் ஆகிய நாடுகளில் இப்போது குற்றமில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, எந்தெந்த நாடுகளுக்குப் பயணம் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. போகத்தான் வேண்டும் என்றால் தனி ஃபோன் எடுத்துப் போங்கள், குடும்பப் படங்கள் இல்லாத ஃபோன்.

திருமணம் பற்றி சுருக்கமாக. இங்கே செய்துகொள்ளலாம், இருவரும் வெளிநாட்டவராக இருந்தாலும். திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்று இந்தியாவிலிருந்து தேவைப்படும். உள்துறை அலுவலகப் பதிவாளர், மனசாட்சி ஒப்பவில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பும் வசதி முன்பு சட்டத்திலேயே இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் இங்கே செய்த திருமணம் இந்தியாவில் செல்லாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டில் செய்த திருமணத்துக்கும் அதே கதைதான். இங்குள்ள சான்றிதழை நம்பி இந்தியாவில் வீடோ நகையோ விட்டுவைக்காதீர்கள். இருவரும் இந்தியச் சொத்துக்குத் தனித்தனியாக உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். உயில் இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் உங்கள் துணை உங்களுக்கு யாருமில்லை.

இனி தமிழர்கள். இரண்டு விதமான தமிழர்களைச் சந்திப்பீர்கள். ஒன்று, 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த நாயுடுகள், பிள்ளைகள், கோவெண்டர்கள், மூட்லிகள் (கவுண்டர், முதலியார் என்பதன் திரிபு). லெனேசியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேசுவது ஆங்கிலம், ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், புரட்டாசி சனிக்கிழமை கறி தொட மாட்டார்கள். பெரியவர்களில் பலருக்கு இந்த விஷயம் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டிலும் ஒரு பேத்தியோ மருமகனோ இப்படி இருந்து, சட்டப்படி கல்யாணமும் நடந்து, குடும்பம் அதை விழுங்கிப் பழகியிருக்கும். உங்கள் அம்மாவின் ஃபோன் நம்பர் அவர்களிடம் இல்லை என்பதும் ஒரு நிம்மதி. மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோயில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இருவரும் சேர்ந்தே போங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

இரண்டாவது வகை, உங்களைப் போலவும் உங்கள் அண்ணனைப் போலவும் வேலைக்கு வந்தவர்கள். நீங்கள் பயப்படுவது இவர்களுக்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. சென்னையில் இரண்டு பெண்கள் சேர்ந்து வீடு எடுத்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. இங்கே நிலைமை வேறு. வேலைக்கு வந்த தமிழர்கள் முதல் சந்திப்பில் கேட்பது "எந்த ஊரு?", அடுத்தது "என்ன விசா?" பொங்கல் விழாவில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள். உங்களுக்கு வேலை விசா. உங்கள் தோழிக்கு? வேலைக்கும் போகவில்லை, படிக்கவும் இல்லை, மூன்று ஆண்டு விசா. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள். உங்களைக் காப்பாற்றும் அதே விசாதான் உங்களைக் காட்டியும் கொடுக்கும். துணை தனக்கென்று ஒரு விசாவில் வருவது நல்லது என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிலும் இதே கவனம் தேவை. அங்குள்ள யாரோ ஒருவர் மேசையில்தான் உங்கள் இருவரின் ஒப்பந்தமும் வந்து விழும். துணையின் ஆவணங்களை நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞர் மட்டும் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அண்ணனைப் பற்றி என் கருத்து: எந்தப் படிவத்திலும் அவரை உத்தரவாதமாகவோ அவர் வீட்டை முகவரியாகவோ போடாதீர்கள். முதல் வாரம் அவர் வீட்டில் தங்குவதையும் தவிர்த்துவிடுங்கள்; நிறுவனமே தங்க இடம் கொடுக்கும். "தோழியும் வர்றா, சேர்ந்துதான் வீடு எடுக்குறோம்" என்று இப்போதே, சாதாரணமாக, அம்மாவிடமும் அவரிடமும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே அது. அவளுக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் கதை கட்டாதீர்கள். அந்தப் பொய்யை மிட்ராண்டில் இருப்பவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்துவிடுவார். வந்து ஓராண்டில், வேர் பிடித்தபின், அவரிடம் நீங்களே சொல்வதா என்று யோசிக்கலாம். நல்ல மனிதர் என்றால், இந்த ஊரில் உங்களுக்கு ஒரு அண்ணன் நிஜமாகவே இருப்பார். அதை முடிவு செய்ய வேண்டியது அவரைப் பார்த்துப் பழகிய பிறகுதான், சென்னையில் உட்கார்ந்துகொண்டு இல்லை.

புறப்படும் முன் இன்னொன்று. இருவரின் பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஊரில் பீரோவில் இருந்தால் "ஆபீஸ்ல கேக்குறாங்க" என்று போய் எடுத்து வாருங்கள். விஷயம் தெரிந்து யாரையாவது வீட்டில் அடைத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், வயதுவந்த தன்பாலீர்ப்பு இணையரைக் காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஓர் இளம்பெண்ணை ஆட்கொணர்வு மனுவில் விடுவித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது. ஒரு நல்ல வழக்கறிஞரின் எண்ணை இருவருமே ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு விட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். சனிக்கிழமை இருவரும் ஃபோர்ட்ஸ்பர்க் போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வரலாம். அக்டோபர் மாதம் தன்பாலீர்ப்பாளர் நடத்தும் பிரைட் ஊர்வலம் பார்க்கலாம், நடக்கவும் செய்யலாம். 1990 அக்டோபர் 13 அன்று செயற்பாட்டாளர்கள் சைமன் என்கோலியும் பெவ் டிட்சியும் மற்றவர்களும் இதே ஊரில் முதல் ஊர்வலம் போனபோது, அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்தவர்களுக்கு முகத்தில் போட்டுக்கொள்ள காகிதப் பைகள் இருந்தன. நீங்கள் பை இல்லாமல் நடக்கலாம். மிட்ராண்ட் அண்ணி ஃபேஸ்புக்கில் பார்த்துவிடுவார் என்றால் அந்த ஆண்டு தெருவோரம் நின்று பாருங்கள். எது உங்களுக்கு இப்போது முடியுமோ அது.

நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தேதியைக் கடிதத்தில் எழுதவில்லை. அதற்கு முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள்: எந்த விசா, துணைக்கான செலவும் காப்பீடும் ஒரே பாலினத் துணைக்கும் உண்டா, எந்த நாடுகளுக்குப் பயணம். தலைமை அலுவலகக் கொள்கை நகலையும் கேளுங்கள். அதற்குள் இந்தப் பதிலை உங்கள் துணையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய கேள்விகள் உங்களுடையதைப் போல இருக்காது. வேலையை விடுவதா, பதிவுக்கு எப்போது அனுப்புவது, தன் அம்மா அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று அவருக்குத் தனியாகக் கேட்க நிறைய இருக்கும். அவரே எனக்கு எழுதட்டும். அந்தக் கடிதத்துக்கும் இதே இடத்தில் பதில் சொல்கிறேன்.